பதினொன்று பதினாறுக்குத் தட்டியவர்

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆசிரியைக்கு முப்பத்தொன்று. கதை தலைகீழாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால், அதைப் பற்றி அவர்கள் இருவருக்குமே கவலையில்லை என்பதுதான் பதில். அவர்களுடைய கவலை வேறு.

கோயம்புத்தூரில் ஒரு ரத்த வங்கி. அதன் மூன்றாவது மாடியில், கம்ப்யூட்டர் அறையை ஒட்டி இரண்டு நாற்காலி போடுமளவுக்கு ஒரு சின்ன அறை. சீடர் அங்கமுத்து, பொள்ளாச்சிப் பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கி இங்கே வந்தவர். ஆசிரியை ஹெப்சிபா நாசரேத்துக்காரர். அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார். இவர் அவரை ‘அம்மணி’ என்பார். அவரவர் ஊர் மரியாதை அவரவருக்கு.

பதினான்கு ஆஸ்பத்திரிகள் அந்த வங்கியிடம் ரத்தம் கேட்கும். கேட்பதும் கொடுப்பதும் ஒரு மென்பொருள் வழியாக நடக்கும். அது ஒரே கட்டியாக இல்லாமல் சின்னச் சின்னக் கன்டெய்னர்களாகப் பிரிந்திருந்தது. அங்கமுத்து அவற்றை டப்பா என்பார். ஆஸ்பத்திரிகளின் கோரிக்கையை வாங்க ஒரு டப்பா. எந்த ரத்தம் எவ்வளவு இருக்கிறது, யார் கொடுத்தது, பரிசோதனையில் என்ன தெரிந்தது என்பதையெல்லாம் வைத்திருக்க ஒரு டப்பா. அதற்கு இருப்பு டப்பா என்று பெயர். ரத்தம் கொடுத்தவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பக்கூட ஒரு டப்பா இருந்தது. இப்படி நாற்பது டப்பாக்கள் ஆறு கம்ப்யூட்டர்களில் கூட்டுக்குடும்பமாகக் குடியிருந்தன. அந்தக் குடும்பத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர்.

இந்த டப்பாக்களுக்குள் பேச்சு எப்படி நடக்கிறது என்பதை அங்கமுத்து ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஓர் ஐ.பி. எண். ‘இன்னின்ன எண்கள் என்னிடம் இருக்கின்றன, அவற்றுக்கு வருவதை என்னிடம் அனுப்பு’ என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்கும். அவ்வளவுதான் ரூட்டிங்.

“சில எடத்துல உறைக்குள்ள உறை போட்டு அனுப்புவாங்க அண்ணாச்சி. நாம அப்படிப் பண்ணல. வழி தெரிஞ்சா கடுதாசி அப்படியே போகும்.”

“அப்ப அனுப்புனவுங்க நம்பர் நடுவுல எங்கியும் மாறாதுங்களா?”

“மாறாது.”

“எங்க எக்ஸ்சேஞ்சு மாதிரியேதானுங்க,” என்று அங்கமுத்து சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது.

குறை ஒன்றே ஒன்று. அந்தக் குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம். வாழ்த்து அனுப்பும் டப்பா, ஒருவருடைய ரத்தத்தில் என்ன நோய் இருக்கிறது என்று இருப்பு டப்பாவிடம் போய்க் கேட்கலாம். தடுக்க ஆள் இல்லை. ஆகவே எல்லாக் கதவையும் மூடிவிட்டு, தேவையானதை மட்டும் திறக்க வேண்டும் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. மூடவேண்டியவர் அங்கமுத்து.

தப்பாக ஒரு கதவை மூடிவிட்டால், ஏதோ ஓர் ஆஸ்பத்திரி கேட்கும் ரத்தம் போய்ச் சேராது. அதை நினைத்து இரண்டு நாளாக அவருடைய டிபன் பாக்ஸ் வந்த மாதிரியே வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை அவர், யாரை உள்ளே விடலாம் என்ற விதியை எழுதி முடித்தார். கோரிக்கை டப்பாவின் எண் பதினேழில் முடிந்தது. அந்த எண்ணிலிருந்து வந்தால் இருப்பு டப்பாவுக்குள் விடு, மற்ற யாரையும் விடாதே. மூன்று முறை சரிபார்த்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று நான்காவது முறையும் பார்த்தார்.

“அம்மணி, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“பயமில்லாம மூடறது எப்படிங்க?”

ஹெப்சிபா அவர் எழுதிய விதியை ஒரு முறை படித்தார். பிறகு சோதனைக்கென்று வைத்திருந்த கிளஸ்டரைத் திறந்தார். அது அசலுக்கு நகல். ஆனால் சின்னது. கோரிக்கை டப்பாவின் எண் அதிலும் பதினேழுதான். மொத்தமே கொஞ்சம் எண்கள் என்பதால், காலியானது சீக்கிரமே இன்னொன்றுக்குப் போகும். அங்கமுத்துவின் விதியை அதில் போட்டார். போட்ட கையோடு கோரிக்கை டப்பாவை அழித்தார்.

“ஐயோ, என்னங்க பண்றீங்க!”

“டப்பா சாகும் அண்ணாச்சி. அதுவாவும் சாகும், நாமளும் கொல்லுவோம். செத்தா அடுத்த நிமிஷம் பொறந்துரும்.”

பிறந்தது. அதன் எண் இப்போது இருபத்தொன்று. ஹெப்சிபா வாழ்த்து டப்பாவையும் ஒரு முறை அழித்துப் பிறக்க வைத்தார். காலியாகக் கிடந்த பதினேழு அதற்குக் கிடைத்தது.

“இப்ப ரத்தம் கேளுங்க.”

அங்கமுத்து கேட்டுப் பார்த்தார். கோரிக்கை டப்பா வாசலிலேயே நின்றது. வாழ்த்து டப்பா நேராக உள்ளே போய் வந்தது.

அங்கமுத்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

“உங்க எக்ஸ்சேஞ்சுல இந்த மாதிரி ஒரு தடவகூட நடந்தது இல்லையா?” என்று ஹெப்சிபா சாதாரணமாகத்தான் கேட்டார்.

அங்கமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நடந்திருக்குதுங்க,” என்றார். “ஒரு லேடி டாக்டர் இருந்தாங்க. உடுமலைக்கு மாத்தலாகிப் போய்ட்டாங்க. போனயும் சரண்டர் பண்ணிட்டாங்க. ஒரு நம்பர் திரும்பி வந்தா ஆறு மாசம் அதத் தூங்க விடணும், யாருக்கும் குடுக்கக் கூடாது. அது எங்க எக்ஸ்சேஞ்சுல ஒரு பழக்கமுங்க. ஆனா ஒரு தேங்கா எண்ணெய் மில்லுக்காரரு தெனமும் வந்து நிப்பாரு. நான் நாப்பதாவது நாளே குடுத்துப்போட்டேன்.”

ஹெப்சிபா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“ஒரு நாள் காலையில மில்லுல மணியடிச்சிருக்குது. வாட்ச்மேன் எடுத்திருக்கறாரு. ஒரு பொம்பளைக் குரலுங்க. ‘டாக்டரம்மா, தண்ணிக்குடம் ஒடஞ்சுபோச்சு, சீக்கிரம் வாங்க’ன்னு சொல்லி வெச்சுட்டாங்க. அவ்வளவுதானுங்க. எந்த ஊரு, யாரு, ஒண்ணும் சொல்லல. டாக்டருக்குத்தான் தெரியுமேன்னு நெனச்சிருப்பாங்க. மறுநாள் அந்த வாட்ச்மேன் கவுன்டர்ல வந்து எங்கிட்டச் சொல்லிட்டு அழுதாரு.”

“அப்புறம்?”

“அப்பறம் ஒண்ணுமில்லீங்க. யாரு கூப்பிட்டதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க.”



“அந்த நம்பர் யாருது அண்ணாச்சி?”

“டாக்டரு…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “யாருதும் இல்லீங்க. எக்ஸ்சேஞ்சுதுங்க.”

சொல்லிவிட்டு, தான் எழுதிய பதினேழைத் தானே அழித்தார். டப்பாக்கள் பிறக்கும்போதே அவற்றின் வேலையைச் சொல்லி ஒரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். எத்தனை முறை செத்துப் பிறந்தாலும், எண் எதுவானாலும், லேபிள் மாறாது. ‘கோரிக்கை’ என்று லேபிள் இருந்தால் விடு என்று எழுதினார். இத்தனை நாள் கண் முன்னால் இருந்த லேபிளை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்காகத் தன்னையே வைதுகொண்டார். எண்களோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவர், பாவம், வேறென்ன செய்வார்.

வியாழக்கிழமை ஒத்திகை. சோதனைக் கிளஸ்டரில் எல்லாக் கதவையும் மூடினார். வேண்டிய கதவுகளை லேபிள்படி திறந்தார். ரத்தம் கேட்டுப் பார்த்தார். கோரிக்கை டப்பா அசையவில்லை.

விதி சரி. லேபிள் சரி. எழுத்துப்பிழை இல்லை. பத்து நிமிடம் போராடினார். சோதனைதான் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லா விதியையும் அழிக்கப் போனார்.

“எல்லாத்தையும் தெறந்து விட்டுரட்டுங்களா அம்மணி?”

“எதுக்குப் பதறுதீங்க? டெஸ்ட்தானே.” ஹெப்சிபா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஒருத்தர் ஊருக்குப் புதுசு. டாக்டர் பேரு தெரியும், நம்பர் தெரியாது. யாருக்குப் போன் போடுவாரு?”

“நூத்தித் தொண்ணூத்தேழு,” என்று யோசிக்காமலே சொன்னார் அங்கமுத்து. டைரக்டரி விசாரணைக்கான எண் அது. அவருடைய வாய்க்கு அது மனப்பாடம்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இங்கேயும் யாரும் யாருடைய எண்ணையும் மனதில் வைத்திருப்பதில்லை. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வதற்கென்றே ஒரு டப்பா இருந்தது. எல்லாக் கதவையும் மூடிய உற்சாகத்தில் அதன் கதவையும் மூடிவிட்டிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு அந்த ஒன்றைத் திறந்தார். கோரிக்கை போய்ச் சேர்ந்தது.

அங்கமுத்து சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“நூத்தித் தொண்ணூத்தேழே எனக்குத் தோணலீங்களே. இன்னும் எதெது தோணாம இருக்குதோ?”

“ம்.”

“பயமில்லாம மூடறது எப்படிங்க அம்மணி?”

“டீ சொல்லிட்டு வாரேன்,” என்று ஹெப்சிபா எழுந்து போய்விட்டார்.

அங்கமுத்து தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதிகளின் கடைசி வரி, ‘மற்ற எல்லோரையும் நிறுத்து’ என்பது. எண்ணெய் மில் வாட்ச்மேனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கடைசி வரிக்கு மேலே இன்னொரு வரி சேர்த்தார். நிறுத்துவதற்கு முன்னால், யாரை நிறுத்துகிறாய் என்று எழுதிவை.

ஹெப்சிபா டீ, பஜ்ஜியோடு வந்து அந்த வரியைப் படித்தார். தன் பங்கு பஜ்ஜியையும் அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அங்கமுத்து வந்தபோது அவருடைய மேஜைமேல் ஒரு லேண்ட்லைன் போன் இருந்தது. பக்கத்துத் தடுப்பில் பதினான்கு ஆஸ்பத்திரிகளின் எண்களும் ஒட்டப்பட்டிருந்தன.

“எல்லாருக்கும் சேதி அனுப்பியாச்சு. பதினொரு மணில இருந்து ஏதாவது தடங்கல்னா இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லி,” என்றார் ஹெப்சிபா.

அங்கமுத்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். டயல் டோன் வந்தது. கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்தது. வைத்தவுடன் அது போய்விட்டது.

பதினொரு மணிக்கு மூடினார்.

பதினொன்று மூன்றுக்கு முதல் கோரிக்கை வந்தது. உள்ளே போனது. பதில் திரும்பியது. அடுத்தது வந்தது, போனது. போன் அடிக்கவில்லை. பதினொன்றரைக்கு மேனேஜர் எட்டிப் பார்த்து, “பிரமாதம் அங்கமுத்து சார், ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லை,” என்று கைகொடுத்துவிட்டுப் போனார். அவர் கொடுத்த கை ஈரமாகத் திரும்பியிருக்கும்.

“எந்திரிங்க அண்ணாச்சி, ஒரு நட போய்ட்டு வாங்க,” என்றார் ஹெப்சிபா.

அங்கமுத்து எழுந்திருக்கவில்லை. நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். வரிவரியாக ஓடியது. வாழ்த்து. வாழ்த்து. வாழ்த்து. பிறந்த தேதி ஒன்று தெரிந்தால் போதும் அந்த டப்பாவுக்கு. அதற்காக ஒவ்வொருவருடைய மொத்த விவரத்தையும், நோய்ப் பரிசோதனை உட்பட, எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்று கதவு மூடியதும் அரைமணியில் இருநூறு முறை வந்து முட்டியிருக்கிறது.

“இத்தன நாளும் உள்ள போய் எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்திருக்கு,” என்றார் ஹெப்சிபா. “தேதிய மட்டும் கொடுக்க தனியா ஒரு வழி பண்ணிரலாம். மூடினது நல்லதாப் போச்சு.”

அங்கமுத்து அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பட்டியலை நகர்த்திக்கொண்டே போனார். வாழ்த்து, வாழ்த்து, வாழ்த்து. சட்டென்று விரல் நின்றது.

பதினொன்று பதினாறு. ஒரே ஒரு வரி.

“அம்மணி, இது யாருங்க?”

“என்ன லேபிள்?”

“லேபிளே இல்லீங்க. நம்பர் மட்டுந்தான் இருக்குது. நம்ம டப்பா நம்பரும் இல்லீங்க, வெளி நம்பரு.”

ஹெப்சிபா குனிந்து பார்த்தார். “ஒரே ஒரு தடவதானே தட்டியிருக்கு.”

“அன்னிக்கும் ஒரே ஒரு தடவதானுங்க மணியடிச்சுது.”

ஹெப்சிபா தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உறையில்லாத கடிதம் என்பதால் அனுப்பியவரின் எண் அப்படியே இருந்தது. அங்கமுத்து வந்த வழியே பின்னால் நடந்தார். இருப்பு டப்பா இருந்தது நான்காவது கம்ப்யூட்டரில். அந்த எண்ணுக்கு வழி எது என்று அதைக் கேட்டார். வாசலில் இருக்கும் ரூட்டரைக் காட்டியது. ரூட்டரைக் கேட்டார். அந்த எண்களெல்லாம் மலை லைனில் இருக்கின்றன என்றது. மலை லைனில் இருப்பது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. வால்பாறைக்கும் அப்பால், எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருபது கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி. மற்றவர்கள் எல்லோரும் கோரிக்கை டப்பாவுக்கு மாறிய பிறகும், அங்கே மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டர் நேராக இருப்பு டப்பாவையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது எந்த வரைபடத்திலும் இல்லை.

அங்கமுத்து போனை எடுத்தார். எண்களை அழுத்தும்போது இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை மணியடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“ஹலோ, யாருங்க?” மூச்சு வாங்கும் ஒரு பெண் குரல்.

“ரத்த வங்கியில இருந்து பேசறனுங்க. பதினொண்ணேகாலுக்கு ரத்தம் கேட்டீங்களா சிஸ்டர்?”

“ஆமாங்க சார்! ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட். கம்ப்யூட்டர்ல சுத்திச் சுத்தி நின்னுபோச்சுங்க. உங்ககிட்ட ஸ்டாக் இல்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சோம்.”

“இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லிச் சேதி வந்துச்சுங்களா?”

“நான் விடியக்காலம் இருந்து பிரசவ வார்டுலயே நிக்கறனுங்க சார். எதையும் பாக்கல. மூணு மணிக்கு ஒரு பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணியாகணும். ரத்தம் இல்லாம தொட மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கீழ கொண்டு போகலாம்னு ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு இருக்கறோம்.”

அங்கமுத்து இருப்பைத் தட்டிப் பார்த்தார்; ஆனைமலையில் நின்ற வங்கி வண்டியிலேயே ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் இருந்தது. “எறக்குங்க,” என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “அந்தப் புள்ளைய எறக்கி உள்ள படுக்க வைங்க. நாப்பது கொண்டை ஊசி வளைவுல கொண்டுட்டுப் போக வேண்டாம். ரத்தம் இருக்குதுங்க. ஆனமலைல நம்ம வண்டி நிக்குது. ரெண்டு மணிக்குள்ள மேல வந்துரும்.”

இன்னொரு போனில் ஹெப்சிபா ஆனைமலை வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பிவிட்டது என்று கையைக் காட்டினார்.

அங்கமுத்து ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்தார். அந்த வெளி எண்ணுக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. ‘மலை’ என்று ஒரு லேபிள் வைத்தார். மலைக்கு ஒரு கதவு, அதுவும் ரத்தம் கேட்பதற்கு மட்டும்.

“சிஸ்டர், இப்ப மறுக்கா ஒரு தடவ அனுப்பிப் பாருங்க.”

நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலில் மலையிலிருந்து எதுவும் புதிதாக வரவில்லை. கோரிக்கை உள்ளே போய்விட்டது.

“வந்துருச்சுங்க சார்,” என்றது குரல். “நீங்க மட்டும் கூப்பிடலீன்னா… ஒரு நிமிஷம் இருங்க சார், டாக்டர்கிட்டச் சொல்லிட்டு வந்துடறேன். வெச்சுறாதீங்க.”

“வைக்க மாட்டனுங்க,” என்றார் அங்கமுத்து.

ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அதைவிட, கோபம் வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

“மூணு நாளாக் கேட்டுட்டு இருக்கறனுங்க அம்மணி. பயமில்லாம மூடறது எப்படின்னு. நீங்க சொல்லவே மாட்டீங்கறீங்க.”

“லைன்ல இருக்காங்களா?”

“இருக்காங்க. டாக்டரப் பாக்கப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க.”

“வந்ததும் அவங்ககிட்டயே கேளுங்க அண்ணாச்சி,” என்றார் ஹெப்சிபா. “நாளைல இருந்து இந்த நாற்காலியில பயமில்லாத ஆள் ஒருத்தர உக்கார வச்சுரலாமான்னு.”